தனிமேதை என்னும் கதை: ரவிவர்மாவும் மதுரை ஓவியர்களும்

பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பூஜையறையானாலும் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயமானாலும், சுவரிலிருக்கும் சரஸ்வதி பெரும்பாலும் ஒருத்திதான். பாறைமேல் அமர்ந்திருக்கிறாள், கையில் வீணை, பக்கத்தில் மயில். கைகளின் திரட்சியை நிழல்தான் காட்டுகிறது. தஞ்சாவூர்ப் பலகைப்படத்தில் அந்த வேலையைக் கோடு செய்யும். மறுமலர்ச்சிக் கால இத்தாலி வளர்த்தெடுத்த இந்த ஒளிநிழல் முறை நம் வீட்டுச் சுவருக்கு வந்ததற்கு ராஜா ரவிவர்மா (1848–1906) என்ற ஒரே பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம்.

அவர் வாழ்க்கையைச் சொல்லும் விதமும் இத்தாலியச் சரக்குதான் என்பது என் வாதம். 1862இல் சிறுவன் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வருகிறான். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர மறுக்கிறார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சொல்லிக் கொடுக்கிறார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன், தான் வரைவதைப் பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதிக்கிறார். பொறாமைக்கார ஆசிரியர்கள், தானே கற்ற மேதை!

இத்தாலிய எழுத்தாளர் வசாரியைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1550இல் பிளாரன்ஸில் அச்சான அவருடைய ஓவியர் வரலாற்றில், ‘கிறிஸ்துவின் திருமுழுக்கு’ ஓவியத்தில் இளைஞன் லியோனார்டோ தீட்டிய தேவதையைக் கண்ட குரு வெரோக்கியோ இனி வண்ணம் தொடுவதில்லை என்று விட்டுவிடுகிறார். கதை மேதையைப் பேசுகிறது. ஆனால் குருவும் சீடனும் ஒரே பலகையில் வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அது பட்டறை வேலை.

ரவிவர்மாவிடமும் இதே பட்டறை வேலைதான். தம்பி சி. ராஜராஜவர்மா கூடவே பயணம் செய்தார், கூடவே தீட்டினார். பின்னணி நிலக்காட்சிகளில் அவர் கை உண்டு. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு அந்தக் கூட்டுழைப்பைக் காட்டுகிறது. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய கல்லச்சகத்திலோ, நிறத்துக்கொரு கல் என்று படத்தைப் பிரித்து அச்சிட்டவர்கள் தொழிலாளர்கள். நம் சரஸ்வதி அந்தக் கல்லிலிருந்து வந்தவள்.

1873இல் சென்னைக் கண்காட்சியில் வென்ற முதல் பரிசு ரவிவர்மாவின் திறமைக்குக் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாயக்கரின் மறுப்பைப் பொறாமை என்று எழுதுவது நியாயமாகப் படவில்லை. தொழில் நுட்பமே சோறாக இருந்த ஒருவர், அரச உறவுக்காரப் பையனிடம் அதைக் காத்துக்கொண்டார். மானியமும் பட்டமும் பையனுக்குத்தானே வரும். அவருக்கு அந்த நுட்பத்தை விட்டால் என்ன இருந்தது?

இனி, தானே கற்றவர் என்ற கதைக்கு வருவோம். ரவிவர்மாவுக்கு முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்தவர் கிளிமானூரிலிருந்த மாமா ராஜராஜவர்மா. அந்த மாமா, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவையிலிருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் பயின்றவர். ஆகவே ரவிவர்மா தானே கற்றவர் அல்லர். மதுரை ஓவியர் ஒருவரின் மாணவருக்கு மாணவர்.