அலகும் பிடியும்

கத்தியைப் பற்றிப் பேசுவோர் அதன் அலகையே பெரிதும் பேசுவர். எஃகின் தரமும் கூரின் நுட்பமும் போற்றப்படும் அளவிற்குக் கைப்பிடி போற்றப்படுவதில்லை. ஆயினும் கத்தியை ஆள்பவன் கை தொடுவது அலகையன்று; பிடியையே. அப்பிடி எப்பொருளால் ஆயது என ஆராயின், கடந்த நூற்றைம்பது ஆண்டுக்கால வணிகமும் வேதியியலும் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் ஷெஃபீல்டு. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், தம் கான்டர்பரிக் கதைகளில் வரும் மாவு ஆலைக்காரன் ஒருவன் ஷெஃபீல்டுக் கத்தியைக் காலுறையில் செருகியிருந்ததாகக் காட்டுவர். அந்நகரில் மரம், கொம்பு, எலும்பு, ஆமையோடு ஆகியவற்றால் பிடிகள் அமைந்தன. செல்வர் வீட்டு உணவுமேசைக்கு யானைத் தந்தமே உகந்ததாகக் கருதப்பட்டது. பியானோக் கட்டைகளுக்கும் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கும் அதே தந்தம் வேண்டப்பட்டமையால், 19ஆம் நூற்றாண்டில் அதன் விலை உயர்ந்தது. மாற்றுப்பொருள் தேடும் முயற்சியும் தொடங்கிற்று.

பர்மிங்காமைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ், 1862இல் இலண்டன் கண்காட்சியில் 'பார்க்சின்' என்னும் செயற்கைப் பொருளை வைத்தார். அதனாற் செய்யப்பட்டவற்றுள் கத்திப் பிடிகளும் இருந்தன. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட், நைட்ரிக் அமிலத்தாற் பக்குவம் செய்யப்பட்ட பஞ்சுப் பொருளோடு கற்பூரத்தைச் சேர்த்து அழுத்திச் செல்லுலாய்டை உருவாக்கி 1870இல் காப்புரிமை பெற்றார். வழிபாட்டில் எரிந்து மறையும் கற்பூரம், இங்கே பஞ்சினை இளக்கி வடிவங் கொள்ளச் செய்தது. தந்தத்தில் இயல்பாகத் தோன்றும் மெல்லிய வரிகளையும் இப்பொருளிற் படியவைத்தனர். தந்தம்போன்ற பிடியுடைய மேசைக்கத்தி எளியோர் இல்லங்களுக்கும் சென்றது.

ஆனால் இப்போலியில் ஒரு கேடு மறைந்திருந்தது. எளிதில் தீப்பற்றுவது மட்டுமன்றிச் செல்லுலாய்டு காலப்போக்கிற் சிதையவும் செய்யும். அப்போது வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் ஈரத்தோடு கூடி அமிலமாகி எஃகினை அரிக்கும். பெட்டியில் மூடிவைத்த பழங்கத்தி, எவரும் தொடாமலேயே துருவேறிக் கிடப்பதற்கு இதுவே காரணம். அலகைத் தாங்க வந்த பிடியே அலகைத் தின்றது.

அடுத்த மாற்றம் தந்தத்தை நோக்கியன்றி, அரக்கை நோக்கி எழுந்தது. பாரதக் கதையின் அரக்கு மாளிகை வழித் தமிழர் அறிந்த அதே அரக்கு, மின்கம்பிகளுக்குக் காப்புப் பூச்சாக இந்தியாவிலிருந்து மேலைநாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. அதற்கு மாற்றுத் தேடிய லியோ பேக்லண்ட் என்னும் பெல்ஜிய நாட்டறிஞர், பீனாலையும் பார்மால்டிஹைடையும் இணைத்துப் பேக்கலைட்டைக் கண்டு 1909இல் உலகிற்கு அறிவித்தார். இவ்வகைப் பிசினில் துணியையும் தாளையும் தோய்த்து, அடுக்கி, வெப்பத்தோடு அழுத்தி வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் செய்த பலகையே மைகார்ட்டா. மின்கருவிகளுக்கெனப் பிறந்த இப்பொருள் நீரில் ஊறாது, எளிதில் வெடிக்காது, எஃகையும் அரிக்காது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையால் கத்தி செய்வோர் இதனை விரும்பி ஏற்றனர். கலிபோர்னியாவின் பாப் லவ்லெஸ் (1929–2010) அவர்களுள் தலையாயவர். பச்சைநிறத் துணி மைகார்ட்டாப் பிடிகள் அவர்தம் கத்திகளின் அடையாளமாயின. பழைய வெண்ணிற மைகார்ட்டா ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சள் ஏறித் தந்தத்தின் சாயல் பெறும். அதனால் பழைய தொழிற்கூடங்களில் எஞ்சிய பலகைகளை இக்கைவினைஞர் தேடி வாங்கிப் போற்றுகின்றனர்.

செல்லுலாய்டு யானையைக் காத்தது என்று அக்கால வணிகர் விளம்பரம் செய்தனர். உண்மை அவ்வாறன்று. மாற்றுப்பொருள் வந்த பின்னரும் தந்த வேட்டை ஓயவில்லை. பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989இல்தான் எடுக்கப்பட்டது. போலி ஒன்று கிடைத்தமையால் மட்டும் மூலத்தின் மீதுள்ள வேட்கை தணிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. மாறாக, மின்பலகையாகத் தன் பணியைச் செய்து பழுத்த மைகார்ட்டா, போலி என்னும் பழியினின்று நீங்கித் தனக்கென ஒரு மதிப்பைப் பெற்றுள்ளது. சொல்லாட்சியில் மூலத்தையும் சாயலையும் எடைபோடும் கவிஞர்களுக்கு, இச்சிறு பிடியின் வரலாறும் எண்ணிப் பார்க்கத்தக்கதே எனலாம்.