உரோம வரலாற்று மீள்நிகழ்த்தல்

உரோம வரலாற்று மீள்நிகழ்த்தல் என்பது பண்டைய உரோமைச் சேர்ந்த மக்களின் உடை, கருவி, போர்ப்பயிற்சி, கைத்தொழில், உணவு, வணிகம் முதலியவற்றைச் சான்றுகளின் அடிப்படையில் மீண்டும் செய்தும், அணிந்தும், நிகழ்த்தியும் பார்க்கும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். இதில் ஈடுபடுவோர் மீள்நிகழ்த்துநர் எனப்படுவர். 1970களில் இருந்து ஐரோப்பாவில் வளர்ந்த இப்பொழுதுபோக்கில் உரோமப் படைவீரனே பெரிதும் முதன்மை பெறுகிறான். ஆயினும், உரோமப் பேரரசின் படையெடுப்பு நிகழாத, அதன் வணிகம் மட்டுமே எட்டிய தென்தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வணிகர், மாலுமி, காவலர், முத்துக்குளிப்போர் ஆகிய பாத்திரங்களே சான்றுகளுக்கு நெருக்கமானவை.

வரையறை

மீள்நிகழ்த்தல் நாடகத்திலிருந்து வேறுபட்டது. நாடகத்திற்குக் கதையும் உரையாடலும் அடிப்படை. மீள்நிகழ்த்தலுக்குச் சான்றே அடிப்படை. அணியும் ஒவ்வொரு பொருளுக்கும் அகழாய்வுப் பொருள், சிற்பம், ஓவியம், எழுத்துச் சான்று ஆகியவற்றுள் ஒன்றையேனும் காட்ட இயல வேண்டும் என்பது இத்துறையின் பொது விதியாகும். இதனைப் பொதுமக்கள் முன் செய்யும் காட்சி, அக்கால வாழ்வைச் சில நாட்கள் வாழ்ந்து பார்த்தல், பழைய கருவிகளைச் செய்து சோதிக்கும் சோதனைத் தொல்லியல் என மூன்றாகப் பகுக்கலாம். இவை ஒன்றோடொன்று கலந்தும் நிகழ்வதுண்டு.

வரலாறு

இங்கிலாந்தின் குளொசுட்டர்சையர் பகுதியில் 1972 இல் தொடங்கப்பட்ட எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு என்னும் குழு, இத்துறையின் முன்னோடிக் குழுக்களுள் ஒன்று. இது கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதிக்கால உரோமப் படையை மீள்நிகழ்த்துகிறது. இதற்குச் சில ஆண்டுகள் முன், 1964 இல், வட இங்கிலாந்தின் கார்பிரிட்ச் என்னும் இடத்தில் பட்டைத்தகட்டுக் கவசங்களின் பகுதிகள் ஒரு பெட்டியில் புதைந்த நிலையில் கிடைத்தன. தகடுகள் உட்புறத் தோல் வார்களால் இணைக்கப்பட்டிருந்தன என்பது இக்கண்டுபிடிப்பால் தெளிவாயிற்று. இதனைக் கொண்டு எச். ரசல் ராபின்சன் செய்த மீட்டுருவாக்கமும், 1975 இல் வெளிவந்த அவருடைய நூலும் பிற்காலக் குழுக்களுக்கு வழிகாட்டின.

ஜெர்மனிய வரலாற்றாசிரியர் மார்க்குஸ் யுங்கல்மான் 1985 இல் ஒரு சிறு குழுவுடன் உரோமப் படையுடையில் இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். பீட்டர் கொனலி மீட்டுருவாக்கிய நான்கு கொம்புச் சேணம், அங்கவடி இல்லாமலே உரோமக் குதிரைவீரர் உறுதியாக அமர்ந்து போரிட இயலும் என்பதைக் காட்டியது. உரோம் நகரில் 1994 இல் தோன்றிய குழு ஒன்று, அந்நகரின் பிறந்தநாளாகக் கருதப்படும் ஏப்ரல் 21 ஐ ஒட்டி அணிவகுப்புகளை நடத்துகிறது.

தொடங்கும் முறை

காலமும் இடமும்

புதியவர்கள் பெரும்பாலும் வாளும் தலைக்கவசமும் வாங்குவதில் தொடங்குகின்றனர். ஒரு ஆண்டையும் ஓர் இடத்தையும் முதலில் முடிவு செய்வதே சரியான தொடக்கமாகும். உரோம வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் குறுவாளும், மூன்றாம் நூற்றாண்டின் நீண்ட வாளும் ஒரே இடுப்பில் சேர்ந்து தொங்க இயலாது. இடம், ஆண்டு, தொழில், வயது, செல்வநிலை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் வேண்டாத செலவுகளைத் தவிர்க்கலாம்.

உடை

எல்லாப் பாத்திரங்களுக்கும் அடிப்படையான உடை தூனிக்கா என்னும் அங்கியாகும். நீள்சதுரத் துணிகள் இரண்டை மேற்புறத்தில் கழுத்துக்கும் பக்கங்களில் கைகளுக்கும் இடம் விட்டுத் தைத்து, இடையில் கச்சை கட்டினால் இது அமையும். உரோமர் பெரிதும் கம்பளியும் ஆளிநார்த் துணியும் பயன்படுத்தினர். இந்தியப் பருத்தித் துணி செங்கடல் வழியாக உரோம எகிப்தை அடைந்ததற்கு அங்குள்ள பெரெனிக்கே துறைமுக அகழாய்வில் சான்று உண்டு. எனவே தூத்துக்குடி மாவட்ட வெயிலில், செங்கடல் துறைமுகப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தவர் சலவை செய்யாத கோராக் கைத்தறித் துணியில் அங்கி தைத்துக்கொள்வது சான்றுக்கு முரணாகாது. வெளியே தெரியும் தையல்களைக் கையால் இடுவது நல்லது.

காலணி

படைவீரர் அணிந்த காலணி காலிகா எனப்படும். இது பல அடுக்குத் தோலால் ஆகி, அடியில் இரும்புக் குமிழாணிகள் அடிக்கப்பட்டது. இவ்வாணிகள் மண்ணில் பிடிப்பைத் தரும். வழுவழுப்பான கல்தரையில் வழுக்கும். எருசலேம் முற்றுகையின்போது (கி.பி. 70) யூலியானுஸ் என்னும் நூற்றுவர் தலைவன் கோவில் தளத்தில் இவ்வாணிகளால் வழுக்கி விழுந்து கொல்லப்பட்டதை வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் குறித்துள்ளார். பள்ளி, மண்டபம் போன்ற பளிங்குத் தரைகளில் நிகழ்த்துவோர்க்கு இன்றும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கவசமும் ஆயுதமும்

கவசத்தை இறுதியில் வாங்குவதே நன்று. பட்டைத்தகட்டுக் கவசம், வளையக் கவசம் இரண்டும் பல கிலோகிராம் எடையுள்ளவை. வெயிலில் விரைவில் சூடேறுபவை. கடற்காற்றின் உப்பால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். உலகெங்கும் விற்கப்படும் உரோமக் கவசப் போலிகளுள் கணிசமானவை இந்தியாவின் மீரட், தேராதூன் ஆகிய நகரங்களின் பட்டறைகளில் செய்யப்படுபவை. விலை குறைவான போலிகள் சிலவற்றில் வெவ்வேறு காலத்து வடிவங்கள் கலந்திருப்பதால், வாங்குமுன் அகழாய்வுப் படங்களுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

கூரிய வாள், ஈட்டி ஆகியன இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள் வருவனவாகும். தொடக்கநிலையாளர்க்கு மரவாளே ஏற்றது. இதற்குப் பழஞ்சான்றும் உண்டு. புதிய வீரர்கள் மரவாளும் பிரம்பால் பின்னிய கேடயமும் கொண்டு நட்ட கம்பம் ஒன்றைத் தாக்கிப் பயின்றனர் என்றும், அவை உண்மையான ஆயுதங்களைப் போல் இருமடங்கு எடையுள்ளவை என்றும் வெகேட்டியஸ் என்னும் இலத்தீன் ஆசிரியர் எழுதியுள்ளார்.

முத்துக்குளித்துறையும் உரோமும்

விளாத்திகுளம் தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் அமைந்த ஊராகும். இதன் வட்டத்தைச் சேர்ந்த வேம்பாரும் வைப்பாரும் முத்துக்குளித்துறையின் மரபுவழி ஏழு கடற்துறைகளுள் இடம்பெறுபவை. தெற்கே தாமிரபரணிக் கழிமுகத்தில் பாண்டியரின் துறைமுகமான கொற்கையும், வடக்கே வைகைக் கழிமுகத்தில் அழகன்குளமும் உள்ளன. கொற்கையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69 இல் அகழாய்வு செய்தது. அன்று துறைமுகமாயிருந்த அவ்வூர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே உள்ளது. அழகன்குளத்தில் உரோம நாணயங்களும், கப்பல் உருவம் கீறப்பட்ட மட்கலத் துண்டும் கிடைத்தன.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் செலவு என்னும் நூல் கொற்கையைக் கொல்கோய் எனக் குறிப்பிடுகிறது. அங்கு பாண்டிய அரசுக்குரிய முத்துக்குளிப்புகள் இருந்தன என்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அவை நடத்தப்பட்டன என்றும் அந்நூல் கூறுகிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி, லொல்லியா பவுலினா என்னும் உரோமப் பெருமாட்டி ஒரு சாதாரண மணவுறுதி விருந்திற்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள மரகதமும் முத்தும் அணிந்து வந்ததைக் கண்டித்து எழுதியுள்ளார். இவ்விரு குறிப்புகளும் ஒரே வணிகத்தின் இரு முனைகளைக் காட்டுகின்றன. ஒரு முனையில் அணிந்தவரின் பெயர் எஞ்சியுள்ளது. மறுமுனையில் மூழ்கியவர் எவருடைய பெயரும் எஞ்சவில்லை.

இக்கரைக்குப் பொருந்தும் பாத்திரங்கள்

யவனக் காவலர்: சங்க இலக்கியங்கள் மேற்கிலிருந்து வந்தோரை யவனர் என்கின்றன. இச்சொல் கிரேக்கர், உரோமர், மேற்காசியர் ஆகியோரைப் பொதுவாகச் சுட்டும். முல்லைப்பாட்டு அரசனின் பாசறையில் சட்டை அணிந்த வலிய யவனரைக் காட்டுகிறது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாயிலில் யவனக் காவலரைக் குறிக்கிறது. இவர்கள் பேரரசின் படைப்பிரிவினர் அல்லர். கூலிக்குப் பணிபுரிந்தோர் என்று கருதப்படுகின்றனர். எனவே இவர்களுக்குப் பட்டைத்தகட்டுக் கவசம் அணிவிக்கச் சான்றில்லை.

தமிழ் வணிகர்: செங்கடல் கரையிலுள்ள குசைர் அல் காதிம் என்னும் இடத்தில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த மட்கலத் துண்டுகள் கிடைத்துள்ளன. உறியில் தொங்கவிடும் பானையைக் குறிக்கும் 'பானை ஒறி' என்னும் எழுத்துப் பொறிப்பும் அங்கேயே கிடைத்தது. பெரெனிக்கேயின் கோவில் ஒன்றில் ஏழரை கிலோகிராம் மிளகு நிறைந்த இந்தியப் பானை கண்டெடுக்கப்பட்டது. உரோமப் பேரரசின் எல்லைக்குள்ளேயே தமிழர் இருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும். ஒரு பானை, ஓர் உறி, ஒரு துலாக்கோல், சிறிது மிளகு ஆகியவற்றைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் இப்பாத்திரத்தைத் தொடங்கலாம்.

முத்துக்குளிப்பவர்: தூத்துக்குடியில் அண்மைக் காலம் வரை குளியாட்கள் கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் மாட்டிப் பார்களில் மூழ்கினர், சிப்பிகளை வலைப்பையில் சேர்த்தனர், மேலே தோணியிலிருப்பவர் கயிற்றை இழுத்து அவர்களை மீட்டார். இங்கு பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961 இல் நடைபெற்றது. இம்முறை கி.பி. முதலாம் நூற்றாண்டிலும் அப்படியே இருந்தது என்று கொள்ள இயலாது. ஆகையால் காட்சியில் இதனைப் பிற்கால மரபு என்று கூறிவிடுவதே நேர்மையாகும். கருவிகளைக் கரையில் வைத்து விளக்கலாமேயன்றி, பயிற்சியற்றோர் மூழ்குதல் உயிருக்கு ஆபத்தானது.

திருப்பாடுகள் நாடகத்துடன் ஒப்பீடு

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தை ஒட்டி நடைபெறும் பாஸ்கா எனப்படும் திருப்பாடுகள் நாடகங்களில் உரோமப் படைவீரர் தோன்றுகின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் பாஸ்காவும், இலங்கையின் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிய நாடகங்களும் அறியப்பட்டவை. சிவப்பு மேலாடை, தகட்டு மார்புக்கவசம், தூரிகை போன்ற தலைச்சூட்டு ஆகியன இந்நாடகங்களில் வழக்கமானவை.

இவை பக்தி நிகழ்ச்சிகளாதலின் மீள்நிகழ்த்தலின் அளவுகோலால் இவற்றை மதிப்பிடுதல் பொருந்தாது. எனினும், பிலாத்து ஆண்ட யூதேயாவில் இருந்த படையினர் பெரும்பாலும் அப்பகுதியிலேயே திரட்டப்பட்ட துணைப்படையினர் ஆவர். உரோமக் குடியுரிமை பெற்ற முதன்மைப் படைப்பிரிவினர் அல்லர். துணைப்படையினர்க்கு வளையக் கவசமும் தட்டையான கேடயமும் கூடுதலாகப் பொருந்தும். பாஸ்காவில் நடித்துப் பழகிய ஒருவர்க்கு அணிவகுப்பும், கனமான உடையில் நீண்ட நேரம் நிற்கும் பழக்கமும் முன்பே இருப்பதால், அவர் இத்துறைக்கு எளிதில் வர இயலும்.

கற்கும் இடங்கள்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உரோம நாணயங்கள் உள்ளன. 1945 இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேட்டின் பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். மது, எண்ணெய் கொண்டுவந்த ஆம்போரா எனப்படும் கூர்அடிச் சாடிகளின் துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்தவற்றுள் அடங்கும். தொல்லியல் களங்களில் கிடக்கும் ஓட்டுச்சில்லு, காசு முதலியவற்றை எடுத்துச் செல்லலாகாது. அவை இருந்த இடமே அவற்றின் சான்றுமதிப்பில் பாதியாகும்.

விமர்சனங்கள்

மீள்நிகழ்த்தல் பேரரசின் வெற்றிகளை மட்டும் காட்டி, அடிமைமுறையையும் வன்முறையையும் மறைக்கிறது என்னும் விமர்சனம் உண்டு. பளபளக்கும் கவசம் கூட்டத்தை ஈர்ப்பதால் சுமைகூலி, சமையலாள், அடிமை ஆகிய பாத்திரங்களை ஏற்போர் குறைவு. இவ்விமர்சனம் முத்துக்குளித்துறைக்குத் தனிப்பொருத்தம் உடையது. இக்கரையின் உரோமத் தொடர்பை வணிகரின் செழிப்பாக மட்டும் நிகழ்த்தினால், செங்கடல் செலவு குறிப்பிடும் தண்டனை பெற்ற குளியாட்கள் இரண்டாம் முறையும் மறைந்துபோவர். முகமோ உடையோ எஞ்சாத ஒருவரை இட்டுக்கட்டாமல் எவ்வாறு காட்டுவது என்பது இத்துறையின் கடினமான கேள்வியாகும். கயிறு, கல், வெறும் வலைப்பை ஆகியவற்றை மட்டும் வைத்து, நூலில் உள்ள செய்தியைக் கூறி நிறுத்துவது இதற்கு ஒரு வழியாகும்.

இவற்றையும் பார்க்க

கொற்கை
அழகன்குளம்
அரிக்கமேடு
முத்துக்குளித்தல்
யவனர்
விளாத்திகுளம்
சோதனைத் தொல்லியல்