மலையேறிய பாதிரியார்

நீலகிரிக்கு முதலில் வந்த வெள்ளைக்காரர் ஜான் சல்லிவன் என்றுதானே நினைக்கிறோம்? அவருக்கு இருநூறு வருஷம் முன்பே, 1603-ல், ஓர் இத்தாலியப் பாதிரியார் இங்கே ஏறிவிட்டார். பெயர் ஃபெனிசியோ.

மலைமேல் வழிதவறிய பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேரளத்தில் ஒரு பேச்சு. அவர்களைத் தேடித்தான் மன்னார்க்காடு வழியாகக் காட்டுப்பாதையில் வந்தார். அவர் குறிப்பிடும் படகர் ஊர், மஞ்சூர் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்பது ஒரு கணிப்பு.

கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. எருமை மேய்க்கும் தோடர்கள்தான் இருந்தார்கள். சரி, வந்தது வந்தாச்சு என்று அவர்களுக்கே வேதம் சொன்னார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். மனுஷன் இறங்கிப் போய், கோழிக்கோட்டில் உட்கார்ந்து ஏப்ரல் 1-ல் மேலிடத்துக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். மானிடவியலுக்கு அது பொக்கிஷம். மதத்துக்கு?

தான் நம்புவதை அடுத்தவருக்குச் சொல்வது ஒவ்வொரு கிறிஸ்தவரின் கடமை என்பார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா?

1840-களில் கேத்திக்கு வந்த பாசல் மிஷன்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. மெட்ஸ் என்ற ஜெர்மானியர் வருஷக்கணக்காக ஹட்டி ஹட்டியாக நடந்தார். அப்படியும் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல்தான். பாதிரியாருக்காவது திரும்பிப் போக ஒரு ஊர் உண்டு. இவர் சொந்தக்காரர்கள் நடுவிலேயே தனியாக நின்றாக வேண்டும்.

படகு மொழியில் லூக்கா சுவிசேஷம் மங்களூரில் அச்சானபோது வருஷம் 1890.