எண்ணிக்கையும் எண்ணமும்



ஒரு நாட்டில் எந்த இனத்தார் எத்தனை பேர் என்பது எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மனிதன் எண்ணிப் பார்ப்பதில்லை. தானாகவே எண்ணிக் கொள்கிறான். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று கூறுகிறது.

அமெரிக்கா 1790ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் மக்களைக் கணக்கெடுத்து வருகிறது. முதல் கணக்கில் பதிவான சுமார் 39 இலட்சம் பேரில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகள். மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளை ஒதுக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகவே கணக்கிட்டனர். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் 1868இல் வந்த 14ஆம் சட்டத் திருத்தமே அம்முறைக்கு முடிவு கட்டியது.

ஏட்டுக் கணக்கு திருந்தியது. மனக்கணக்கு திருந்தியதா? 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். மறு ஆண்டு கேலப் நிறுவனம் பொதுமக்களிடம் கேட்டபோது, அவர்கள் சொன்ன சராசரி மூவரில் ஒருவர்! வெள்ளையர் அல்லாதோர் சொன்ன எண் அதைவிடவும் கூடுதல்.

ஆகவே, இதற்கு வெறுப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிறிய பங்கைப் பெரிதாகவும், பெரிய பங்கைச் சிறிதாகவும் மதிப்பிடுவது மனித மனத்தின் பொதுவான பலவீனம் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். கண்ணில் அடிக்கடி படுவதும், செய்தியில் ஓயாமல் பேசப்படுவதும் மனத்தில் பெருத்துத் தோன்றுகின்றன.

அந்தத் தவறான எண்ணத்தில் அச்சம் கலக்கும்போதுதான் ஆபத்து பிறக்கிறது. அந்நியர் பெருகித் தம்மை மூழ்கடித்துவிடுவார்கள் என்ற பீதியில், 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டம் இயற்றி, ஆசியர்களில் பெரும்பாலோருக்குக் கதவை அடைத்தது. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்த அந்த முறையை நீக்கும் சட்டம் 1965இல்தான் வந்தது.

2014இல் இப்சோஸ் நிறுவனம் நடத்திய ஆய்வில் முஸ்லிம்களைப் பற்றிய கேள்வியும் இடம்பெற்றது. பிரிட்டன் மக்கள், தம் நாட்டில் நூற்றுக்கு 21 பேர் முஸ்லிம்கள் என்றனர், உண்மை 5. பிரான்சில் 31 என்றனர், உண்மை 8. அமெரிக்காவில் 15 என்றனர், உண்மை 1.

சகோதரர்களே! பிறரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ வளரும் பிள்ளையிடம், தமிழகத்தில் முஸ்லிம்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்டுப் பாருங்கள். தன் தெருவை வைத்தே அது பதில் சொல்லும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாம் நூற்றுக்கு 6 பேர்கூட இல்லை, 5.86 விழுக்காடுதான்.

நபி (ஸல்) அவர்கள், இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு பணித்ததையும், 1500 ஆண்களின் பெயர்களைத் தாம் எழுதியதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அங்கே ஊகத்துக்கு இடமில்லை. பெயர் பெயராகப் பதிவு செய்தார்கள்.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. "அவர்கள் பெருகிவிட்டார்கள்" என்று எவரைப் பற்றி எவர் சொன்னாலும், "எத்தனை பேர்? எந்த ஆண்டுக் கணக்கு?" என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். ஊகத்தால் ஒரு சமுதாயத்துக்குத் தீங்கிழைப்பதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.