வாகனம் ஸ்டார்ட் ஆகாமை

வாகனம் ஸ்டார்ட் ஆகாமை என்பது சாவியைத் திருகியோ பொத்தானை அழுத்தியோ கிக்கரை உதைத்தோ முயன்றும் எஞ்சின் ஓடத் தொடங்காத நிலை. இதில் இரு பெரும்பிரிவுகள் உண்டு. எஞ்சின் சுழலவே மறுப்பது ஒன்று. சுழன்றும் பற்றாமல் போவது மற்றொன்று. ஸ்டார்ட்டர் மோட்டாரை 'செல்ஃப்' என்று அழைக்கும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் முன்னதை 'செல்ஃப் எடுக்கவில்லை' என்றும், பின்னதை 'செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை' என்றும் சொல்வர். இந்தப் பிரிவைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பவர்கள் நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றுகிறார்கள்.

வரலாறு

பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் தாமாகச் சுழலத் தொடங்குவதில்லை. வெளியிலிருந்து யாராவது கிராங்க் தண்டைச் சுற்றி, காற்றை உள்ளிழுத்து அமுக்கச் செய்தால்தான் முதல் எரிதல் நிகழும். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், பின்புறம் படுக்கைவாட்டில் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றினர். பின்வந்த கார்களில் முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றும் முறை நிலைபெற்றது.

கைப்பிடி ஆபத்தானது. பொறி சற்று முன்கூட்டியே விழுந்தால் அது எதிர்த்திசையில் உதைக்கும். அதனால் சுற்றுவதற்கு முன் பொறி விழும் நேரத்தை நெம்புகோலால் தாமதப்படுத்த வேண்டும். கட்டைவிரலால் கைப்பிடியை வளைத்துப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இவற்றை மறந்தவர்களுக்கு மணிக்கட்டுக்கு அருகே ஆரை எலும்பில் ஏற்பட்ட முறிவை மருத்துவ நூல்கள் இன்றும் 'ஓட்டுநர் முறிவு' என்றே குறிக்கின்றன.

கைப்பிடிக்கு மாற்றாக அழுத்தக் காற்று, அசெட்டிலீன் வாயு, சுருள்வில் என்று பலவற்றையும் முயன்று பார்த்தார்கள். பிரிட்டனின் ஃபீல்ட் மார்ஷல் டிராக்டரை வெடிமருந்துத் தோட்டாவால்கூட ஸ்டார்ட் செய்யலாம். இங்கிலாந்தில் டௌசிங் 1896 அளவிலேயே மின்மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் கோல்மன் 1903இல் காப்புரிமை பெற்றார். ஆனாலும் மின் ஸ்டார்ட்டரின் தந்தை என்ற பெருமை சார்லஸ் கெட்டரிங்குக்கே உரியது. ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பணப்பதிவு எந்திரங்களுக்கு மோட்டார் வடிவமைத்தவர் அவர். சில விநாடிகள் மட்டுமே ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, சிறிய மோட்டாரே அந்தச் சில விநாடிகளுக்குப் பெருஞ்சுமையைத் தாங்கும் என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். கெடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட் 1911இல் அவரது ஸ்டார்ட்டரை ஏற்றார். 1912ஆம் ஆண்டு மாடல்களில் அது வெளிவந்தது. ஒரே எந்திரம் ஸ்டார்ட்டராகவும், எஞ்சின் ஓடிய பின் பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவாகவும் வேலை செய்தது. நண்பர் பைரன் கார்ட்டர் 1908இல் கைப்பிடி தாக்கி இறந்ததே லேலண்டைத் தூண்டியதாகச் சொல்லப்படுகிறது. ஃபோர்டின் மாடல் டி காருக்கு இந்த வசதி வர 1919 ஆயிற்று.

இந்தியாவில் கைப்பிடி நெடுநாள் நீடித்தது. அம்பாசடர் காரிலும் ஜீப்பிலும் அதற்கான துளை இருந்தது. டிக்கியில் கைப்பிடி இல்லாத வாடகைக் காரை விவரமறிந்தவர்கள் நம்பவில்லை. 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் பாடி ஆலை ஸ்டார்ட்டர் உற்பத்தியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. இருசக்கர வண்டிகளில் கிக்கர்தான் இருந்தது. பழைய புல்லட்டில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அமுக்கத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, பிறகு உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் 'ரிட்டர்ன்' அடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும்.

செல்ஃப் எடுக்காத நிலை

சாவியைத் திருகியதும் ரிலே வழியாக சொலினாய்டுக்கு மின்சாரம் போகிறது. அது சிறு பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலின் பல்வளையத்தோடு கோத்துவிட்டு, பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. சிறிய பெட்ரோல் கார்கூட அந்நேரத்தில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முகப்பு விளக்குகளுக்குச் சில ஆம்பியர்களே போதும். ஆகவே விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது என்பதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

பழகிய எலக்ட்ரீஷியன் மீட்டரை எடுக்கும் முன் காதைக் கொடுப்பார். 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் உப்பு பூத்திருக்கிறது: சொலினாய்டு இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து விடுபடுகிறது, மீண்டும் இழுக்கிறது. 'டக்' என்று ஒருமுறை மட்டும் கேட்டு அடங்கினால் சொலினாய்டின் செப்பு முனைகள் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அரிதாக எஞ்சினே இறுகியிருக்கலாம். மோட்டார் மட்டும் தனியே வீறிட்டுச் சுற்றினால் சிறு பல்சக்கரத்தைக் கோக்கும் பெண்டிக்ஸ் போய்விட்டது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் என்று தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இல்லாவிட்டாலும் செல்ஃப் எடுக்காது.

ஓய்வில் உள்ள நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி இறங்கிவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் முனகினால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது, 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் குற்றவாளி அதுதான். டெர்மினல் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, இறுக்கி, வாஸ்லைன் தடவினால் போதும். புதிய பேட்டரி விற்பனையில் ஒரு பகுதி இந்தக் கழுவலைச் செய்யாததால் நடப்பதே. ஸ்டார்ட்டரை ஸ்பேனரால் தட்டுவது தேய்ந்த பிரஷ்ஷை ஓரிரு முறைக்கு உசுப்பும். அது பழுது நீக்கம் ஆகாது.

மற்றொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுக்கும்போது, கடைசி மைனஸ் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளியுள்ள எஞ்சின் உலோகத்தில் மாட்ட வேண்டும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். ஒரு பொறி போதும் அது வெடிக்க. மேனுவல் கியர் வண்டியை இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது.

சுழன்றும் பற்றாத நிலை

எரிபொருள், பொறி, அமுக்கம் ஆகிய மூன்றில் ஒன்று இல்லை. சாவியை 'ஆன்' செய்ததும் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி ரீங்கரிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருப்பின் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. எஞ்சின் சூடானபின் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஆகிவிட்டால் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம் விழ வேண்டும். டேங்க் காலியாகும்வரை ஓட்டிய டீசல் வண்டியில் 'ஏர் லாக்' ஆகியிருக்கும். பழைய எஞ்சினாயின் கைபம்பை அடித்து, திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட வேண்டும். சேத்தக் போன்ற ஸ்கூட்டர்களைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தும் வழக்கம் மூடநம்பிக்கையன்று. கார்பரேட்டருக்குப் பெட்ரோல் சேர அது உதவியது.

வெள்ளத்தில் நின்ற வண்டி இவற்றுக்குப் புறம்பானது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் இதற்குத் தெரிந்த உதாரணம். சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், நீர் அமுங்காததால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துச் செல்வதே முறை.

இன்றைய நிலை

இம்மொபிலைசர், பொத்தான் ஸ்டார்ட் ஆகியவை பரவிய பின் சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரியும் காரணப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பழுதைக் கண்டறிய ஸ்கேனர் தேவைப்படுகிறது. 2020இல் வந்த பி.எஸ். 6 விதிகளோடு கார்பரேட்டர் ஏறத்தாழ மறைந்தது. பல இருசக்கர வண்டிகளில் கிக்கரும் இல்லை. மின்கார்களுக்கு ஸ்டார்ட்டரே கிடையாது என்றாலும், பெரும்பாலானவற்றில் உள்ள 12 வோல்ட் துணை பேட்டரி இறங்கினால் அவையும் கிளம்புவதில்லை.