களப்பெயர்த் தேடல் கருவிகளின் வரலாற்றில் தனியுரிமையும் பாதுகாப்பும்: ஹூயிஸ் நெறிமுறையை முன்வைத்து (1982–2025)

முன்னுரை

டொமைன் எனப்படும் இணையக் களப்பெயர் எவருக்குரியது, எந்நாளில் பதியப்பட்டது, எப்போது காலாவதியாகும் என அறிய உதவுவன களப்பெயர்த் தேடல் கருவிகள். இவற்றுக்கு நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அடிப்படையாக விளங்கியது ஹூயிஸ் என்னும் நெறிமுறை. அணுகல் கட்டுப்பாடு, மறைகாப்பு, விடையின் மெய்ம்மைக்கான உறுதி ஆகிய மூன்றும் அதில் இல்லை என்பதை 2004 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 3912 ஆவணமே ஒப்புக்கொண்டது. இம்மூன்று குறைகளும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தரப்பினரைப் பாதித்தன என்பதையும், அவற்றுள் முதற்குறையே பெருங்கவனம் பெற்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நெறிமுறையின் தோற்றம்

1982 மார்ச்சில் கென் ஹாரன்ஸ்டீன், விக் வைட் ஆகியோர் எழுதிய ஆர்.எஃப்.சி. 812 ஆவணம் ஹூயிஸுக்கு முதல் வரையறை தந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையம் இச்சேவையை நடத்தியது. ஆர்ப்பாநெட் வழியே தகவல் அனுப்ப வல்ல ஒவ்வொருவரும் தம் முழுப்பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பதிந்துகொள்ளுமாறு அவ்வாவணம் கேட்டுக்கொண்டது. வழங்கியின் 43ஆம் வாயிலில் இணைந்து ஒரு வரி அனுப்பினால் விடை வரும். உடன் இணைப்பு முடிவுறும். கேட்பவர் யார் என்னும் வினாவுக்கு இதில் இடமில்லை. ஆய்வாளர், படைத்துறை சார்ந்தோர் என ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துக்கு இத்திறந்த ஏடு பொருந்தியது.

அணுகல் கட்டுப்பாடின்மை: தேடப்படுபவர்

1998இல் ஐகான் அமைப்பு உருவானது. அதனுடன் ஒப்பந்தம் செய்த பதிவு நிறுவனங்கள், பெயரைப் பதிந்தோரின் தொடர்பு விவரங்களைப் பொதுவில் காட்டக் கடமைப்பட்டன. சிறு வட்டத்துக்கான வழக்கம் இவ்வாறு வணிக இணையம் முழுமைக்கும் விதியாயிற்று. இதன் விளைவை ரெஜிஸ்டர்.காம் – வெரியோ வழக்கு காட்டுகிறது. புதிதாகப் பெயர் பதிந்தோரின் விவரங்களை வெரியோ நிறுவனம் தானியங்கி நிரல் கொண்டு திரட்டி, அவர்களுக்கு விளம்பரம் அனுப்பியது. 2000இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் உறுதிசெய்தது.

2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர் ஐகான் தற்காலிக விதிகளை ஏற்று, தனிநபர் விவரங்களைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்க இசைந்தது. நிர்வாகத் தொடர்பாளர், தொழில்நுட்பத் தொடர்பாளர் ஆகியோரின் விவரங்களைத் தொடர்ந்து திரட்டுமாறு ஜெர்மானியப் பதிவு நிறுவனமொன்றைக் கட்டாயப்படுத்த ஐகான் முயன்றபோது, பான் நகர நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இம்மாற்றத்தால் பதிந்தோர் காக்கப்பட்டனர். மோசடித் தளங்களைப் பின்தொடரும் புலனாய்வாளர்கள் ஒரு திறந்த சான்றை இழந்தனர்.

மறைகாப்பின்மை: தேடுபவர்

ஹூயிஸ் வினவல் மறையாக்கமின்றிச் செல்வது. வலைத்தளக் கருவி வழியே கேட்கும்போது அதனை நடத்துபவரும் வினவலை அறிகிறார். இன்னும் பதியப்படாத பெயரை ஒருவர் தேடுவது அவருடைய வணிக எண்ணத்தையே வெளிப்படுத்தக்கூடும். 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், தன் தளத்தில் தேடப்பட்ட பெயர்களை உடனே நான்கு நாட்களுக்குத் தன்வசம் ஒதுக்கிக்கொண்டது. அந்நாட்களில் அப்பெயரை அதனிடமே வாங்க இயலும். பிறர் முந்திக்கொள்வதைத் தடுக்கும் பாதுகாப்பு என அது விளக்கியது. பதிந்த ஐந்து நாட்களுக்குள் கட்டணமின்றி நீக்கலாம் என்ற அன்றைய சலுகை இதற்கு வழிவிட்டது. தேடுபவரின் வினவலும் விலைமதிப்புள்ள தரவே என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மெய்ம்மையுறுதியின்மை: விடையை நம்புவோர்

.மொபி பெயர்களுக்கான ஹூயிஸ் வழங்கி வேறு முகவரிக்கு மாற்றப்பட்டபின், பழைய முகவரிக்குரிய களப்பெயர் காலாவதியானது. 2024இல் வாட்ச்டவர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதனை 20 டாலருக்கு வாங்கிச் சொந்த வழங்கி ஒன்றை நிறுவினர். சில நாட்களுக்குள் 1,35,000க்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் வினவல்கள் வந்தன. பழைய முகவரியைத் தம் நிரலில் பதித்திருந்த தேடல் கருவிகள் அதனைப் புதுப்பிக்காததே காரணம். பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் சிலவும் ஹூயிஸ் விடையிலுள்ள மின்னஞ்சலைக் கொண்டே உரிமையைச் சரிபார்த்து வந்தன. எனவே, பொய்விடை தருபவர் பிறர் தளத்துக்கான சான்றிதழையும் பெறும் வாய்ப்பு இருந்தது.

முடிவுரை

2015இல் வரையறுக்கப்பட்ட ஆர்.டி.ஏ.பி. என்னும் புதிய நெறிமுறை மூன்று குறைகளையும் ஓரளவு தீர்க்கிறது. தகுதிக்கேற்ப விவரம் காட்டல், மறையாக்கம் செய்த இணைப்பு, உரிய வழங்கியைக் காட்டும் பொதுப்பட்டியல் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. 2025 ஜனவரி 28 முதல் பொது மேல்நிலைக் களங்களுக்கு ஹூயிஸ் சேவை கட்டாயமன்று. நாட்டுக்குறியீட்டுக் களங்கள் தத்தம் கொள்கைப்படி இயங்குகின்றன. எனினும் மறையாக்கம், வினவல் செல்லும் வழியை மட்டுமே காக்கும். இடையில் கருவி நடத்துபவர் அதனை அறிவதைத் தடுக்காது. வினவல் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எவருக்குத் தருவது என்பன இன்றும் அவருடைய நேர்மையைப் பொறுத்தே அமைகின்றன. 1982இல் சிறு வட்டத்தின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கை, இன்று முகமறியாக் கருவியாளர் மீது வைக்கப்படுகிறது எனலாம்.