கம்பியில்லா ஒலிவாங்கியும் வெள்ளிக்கிழமைக் குத்பாவும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலாய கரையோர ஊர்களில் வெள்ளிக்கிழமைக் குத்பா வணக்கத்தின் அங்கமாக மட்டுமன்றி, ஊரவர் ஒருங்கிருந்து கேட்கும் அறிவுரையாகவும் விளங்குகின்றது. நகரா முழக்கித் தொழுகை அறிவித்த பள்ளிவாசல்களிற் பின்னர் ஒலிபெருக்கி இடம்பெற்றது. அண்மைக்காலத்திற் கம்பியில்லா ஒலிவாங்கியும் புழக்கத்துக்கு வந்துள்ளது. குத்பா நிகழுங்கால் சபையோர் பேசலாகாது என்பது விதி. கடைசி வரிசைக்குக் குரல் எட்டாவிடினும் “கேட்கவில்லை” என எழுந்து கூறுதல் முறையன்று. ஆதலின் ஒலிவாங்கியின் குறை முன்னரே அறிந்து நீக்கப்படல் வேண்டும். அதனை அறியும் வழியை அக்கருவியின் வரலாறே காட்டுகின்றது.

முதற் குறை ஊளையாகும். 1915ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்போர் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் இணைத்தபோது செவியைத் துளைக்கும் ஊளை எழுந்தது. பெருக்கியினின்று வெளிப்பட்ட ஒலி மீண்டும் வாங்கியுட் புகுந்து, சுற்றுதோறும் வளர்ந்தமையே காரணம். டென்மார்க் அறிஞர் லார்சனின் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படும். ஊளை கேட்டதும் கருவியைக் குறை கூறுவோர் பலர். குறையோ பெரும்பாலும் அதனை வைத்த இடத்திலேயே உள்ளது.

கம்பி நீங்கியபோது புதுக் குறைகள் தோன்றின. 1953இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் வெளியிட்ட ‘வகபொண்ட்’ என்னும் கம்பியில்லா ஒலிவாங்கி ஏறத்தாழ 700 சதுர அடிப் பரப்புக்குள்ளேயே பயன்பட்டது. வானொலி அலை சுவரிலும் தூணிலும் தெறித்துப் பல வழிகளால் வருகையில் ஒன்றையொன்று நலிவிப்பதால் குரல் இடையிடையே அறுந்தது. இரண்டு அன்ரனாக்களை அமைத்து, வலிய அலையைத் தெரிந்தெடுக்கும் முறை இதனைத் தணித்தது. ஒரே மீடிறனில் இரு கருவிகள் இயங்கினாலும் இரைச்சல் எழும். 2010 ஜூன் 12 முதல் அமெரிக்கா 700 மெகாஹேட்ஸ் அலைப்பட்டையில் இத்தகைய ஒலிவாங்கிகளைத் தடைசெய்தது; அப்பட்டை கைத்தொலைபேசி முதலாய சேவைகளுக்குரியதாயிற்று. எனவே, நேற்று நன்கியங்கிய கருவி இன்று இரைவதற்குக் காரணம் அதனுள்ளே அன்றி, வெளியே வானலையில் இருத்தலும் கூடும்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: ஒலியைக் கூட்டுதல் பரிகாரமன்று, காரணத்தைப் பிரித்தறிதலே பரிகாரம். குரல் முற்றாக நின்றால் மின்கலத்தையும், ஊளையிட்டால் ஒலிபெருக்கியின் திசையையும், விட்டுவிட்டு ஒலித்தால் இடையிலுள்ள தடையையும், இரைந்தால் மீடிறனையும் முதலில் நோக்குதல் தகும். உப்புக்காற்று வீசும் இக்கரையில் இணைப்புகளிற் படியும் துருவும் கருதற்பாலது. இச்சோதனை பாங்குக்கு முன்னர் முடிதல் வேண்டும். கதீப் மிம்பரில் ஏறிய பின்னர்க் குறையை எடுத்துரைக்க எவரும் வாய்திறவார்.